காட்டிக்கொடுக்க மறுத்த பையனை கோல்பர்க்கின் எந்தப் படியில் வைப்பது?

மொட்டைமாடி டீச்சர், காசிமேடு

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

வடசென்னை காசிமேட்டில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏழு வருஷமாக மாலை வகுப்பு எடுக்கிறேன். ஏழாவது முதல் பத்தாவது வரை 22 பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் கடல்தொழில். மற்றவர்கள் வீட்டில் ஆட்டோ, துறைமுகக் கூலி, வீட்டு வேலை. மாதம் 250 ரூபாய். முடிந்தவர்கள் கொண்டுவந்து, படிக்கட்டு ஓரம் இருக்கும் பழைய பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டு, மேலே மாட்டியிருக்கும் சிலேட்டில் பெயர் எழுதிவிட்டுப் போவார்கள். முடியாதவர்களை நான் கேட்பதில்லை. ஏழு வருஷத்தில் ஒரு ரூபாய் குறைந்ததில்லை.

ஜூன் முதல் வாரம் அது நடந்தது. தடைக்காலம் முடியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் திறப்பதும் அதே நேரம். நோட்டு, பை, செருப்பு என்று செலவு வந்து நிற்கும், வீட்டில் வரவு இருக்காது. அன்று சிலேட்டில் ஐந்து பெயர் இருந்தது, டின்னில் ஒன்றும் இல்லை. 1,250 ரூபாய்.

கடைசியாக மாடியிலிருந்து இறங்கியவன் பத்தாவது படிக்கிற பையன், வயது 15. ஆறாவது முடித்ததிலிருந்து என்னிடம் வருகிறான். இடக்கைக்காரன். எழுதும்போது நோட்டைக் குறுக்கே திருப்பி வைத்துக்கொள்வான், பக்கத்தில் உட்காருகிறவனுக்கு இடிக்கும் என்று அவனாகவே ஓரமாகப் போய் உட்காருவான். அவன் எடுத்திருக்க மாட்டான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். "யார் எடுத்தாங்கன்னு பாத்தியா?" என்று கேட்டேன். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"பாத்தேன் மிஸ். ஆனா சொல்ல மாட்டேன்."

"ஏன்டா?"

"அவன் என்னப் பாத்துட்டான் மிஸ். நான் பாத்தேன்னு அவனுக்குத் தெரியும். இப்ப நான் சொன்னா எப்படி?"

எனக்கு வந்த கோபத்தில், சொல்கிற வரைக்கும் வகுப்புக்கு வராதே என்று அனுப்பிவிட்டேன். மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் அவன் அம்மா வந்தார். தடைக்காலத்தில் கருவாடு விற்கிறவர், கூடையை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு நின்றபடியே பேசினார். "அவங்க நைனா மாதிரியே டீச்சரம்மா இவனும். உள்ள வச்சிக்குவான், வெளிய வராது. அடிச்சாலும் வராது. படிப்ப மட்டும் நிறுத்தாதீங்க." மறுநாளிலிருந்து பையன் வருகிறான். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இப்போது என் சிக்கல். நான் அஞ்சல் வழியில் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தனியாள் ஆய்வு ஒன்று ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும், அதற்கு இவனையே பெயர் போடாமல் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். "ஒழுக்க வளர்ச்சி நிலை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்ப முடியவில்லை. பாடநூலில், பிள்ளைகளின் ஒழுக்கச் சிந்தனை எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கோல்பர்க்கின் மூன்று நிலை, ஆறு படி இருக்கிறது. தண்டனைக்குப் பயப்படுவது 1. எனக்கு நீ, உனக்கு நான் என்பது 2. நல்ல பையன் என்று பெயர் எடுப்பது 3. சட்டம் ஒழுங்கு 4. சமூக ஒப்பந்தம் 5. அனைவருக்கும் பொதுவான அறம் 6. முதலில் 3 என்று எழுதினேன், நண்பனுக்காகத்தானே வாயை மூடிக்கொண்டான் என்று. மறுநாள், மூன்று நாள் படிப்பை விட்டும் அசையாமல் இருந்தவனுக்கு 3 மட்டும்தானா என்று தோன்றி 5 ஆக்கினேன். அப்புறம், அந்த நண்பன் நாளைக்கு இவனைக் காப்பாற்றுவான் என்ற கணக்காகவும் இருக்கலாமே என்று 2. நோட்டில் அந்த இடம் அழித்து அழித்துத் தாளே தேய்ந்துவிட்டது.

இவன் எந்தப் படியில் இருக்கிறான்? இதை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

வண்ணை ஆசிரியர் (ஓய்வு)

வணக்கம் அம்மா. பழைய வண்ணாரப்பேட்டையில் 31 ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் தடுமாற்றத்துக்குக் காரணம் பாடநூல் அந்த ஆறு படிகளை அட்டவணையாகப் போட்டுவிட்டதுதான். கோல்பர்க் பிள்ளைகளின் செயலைப் பார்த்துப் படி போடவில்லை. பதிலைப் பார்த்தும் போடவில்லை. பதிலுக்குப் பின்னால் அவர்கள் சொன்ன காரணத்தைப் பார்த்துப் போட்டார். 1958-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்வில் இருந்தவர்கள் 10, 13, 16 வயதுப் பையன்கள் 72 பேர். அவர்களிடம் கதை சொல்லிக் கேட்டார். ஹைன்ஸ் கதை உங்கள் பாடத்திலும் இருக்கும். மனைவி புற்றுநோயில் சாகக் கிடக்கிறாள். மருந்து செய்ய ஆகும் செலவு 200 டாலர், கடைக்காரன் கேட்பது 2,000. ஹைன்ஸ் ஊரெல்லாம் கடன் கேட்டுப் புரட்டியது 1,000. மீதியைப் பிறகு தருகிறேன் என்றாலும் கடைக்காரன் கேட்கவில்லை. மருந்தைத் திருடலாமா, கூடாதா?

திருடலாம் என்று சொன்ன பையனும் முதல் படியில் இருக்கலாம், கூடாது என்று சொன்னவனும் நான்காம் படியில் இருக்கலாம். திருடலாம், ஏனென்றால் மனைவி செத்தால் ஊர் அவனைத் திட்டும் என்பது ஒன்று. திருடலாம், ஏனென்றால் உயிர் சொத்தை விடப் பெரியது என்பது வேறொன்று. செயல் ஒன்றுதான், படி வேறு.

ஆகவே "சொல்ல மாட்டேன்" என்பதை வைத்துக்கொண்டு நீங்கள் எந்த எண்ணும் போட முடியாது. ஒரே ஒரு "ஏன்" கேட்டீர்கள், அதற்கு அவன் ஒரு வரி சொன்னான், அதோடு கோபம் வந்துவிட்டது. கோல்பர்க் அந்த இடத்தில் நிறுத்த மாட்டார். ஹைன்ஸ் மனைவியை நேசிக்கவில்லை என்றால் அப்போதும் திருட வேண்டுமா என்று கேட்பார். சாகக் கிடப்பவர் முன்பின் தெரியாத ஆளாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்பார். கதையைக் கொஞ்சம் அசைத்து, காரணம் அசைகிறதா என்று பார்ப்பார். நீங்களும் கேளுங்கள். எடுத்தவன் உன் நண்பனே இல்லை என்றால் சொல்வாயா? எடுத்தவன் பெரிய ஆள் என்றால்? அந்தப் பணம் டீச்சருடையதாக இல்லாமல், உன்னைப் போல ஒரு பையனுடையதாக இருந்தால்?

இன்னொன்று. அந்தப் பையன்களில் பெரும்பாலோரை அவர் இருபது ஆண்டுகள் தொடர்ந்து சந்தித்தார். பத்து வயதில் 1, 2 என்று இருந்தவர்கள் பதின்ம வயதின் கடைசியில் 3, 4 என்று வந்தார்கள். 5-க்குப் போனவர்கள் சிறு பகுதிதான், அதுவும் பெரியவர்களான பிறகு. ஆறாம் படியில் நிற்கிற ஆளே கிடைக்காததால் மதிப்பெண் போடும் கையேட்டிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். 15 வயதில் 3 என்பது தோல்வி மதிப்பெண் இல்லை அம்மா. அந்த வயதுக்கு அது நல்ல இடம்.

கோல்பர்க்குக்கு முன்னால் சுவிஸ் உளவியலாளர் பியாஜே இருக்கிறார், அவரையும் படியுங்கள். 1932-இல் வந்த அவருடைய நூலின் தொடக்கமே கோலி விளையாட்டுதான். தெருவில் கோலி ஆடும் பையன்களிடம் போய், எனக்கு மறந்துவிட்டது, எப்படி ஆடுவது என்று சொல்லிக்கொடு என்று கேட்டிருக்கிறார். இந்த விதியை யார் போட்டது, மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறார். சின்னப் பிள்ளைகள் விதி பெரியவர்களிடமிருந்தோ கடவுளிடமிருந்தோ வந்தது, தொடக்கூடாது என்றார்கள். பத்துப் பன்னிரண்டு வயதானவர்கள், எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள்.

கடைசியாக, நான் செய்த ஒரு தவறு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், வகுப்பில் இருந்த பூமி உருண்டையை யாரோ உடைத்துவிட்டார்கள். யார் என்று சொல்லும்வரை 48 பேரும் முட்டி போடுங்கள் என்றேன். இருபது நிமிஷத்தில் ஒரு பையன் எழுந்து பெயரைச் சொல்லிவிட்டான். சபாஷ் என்று அவன் முதுகைத் தட்டினேன். அன்றிலிருந்து அந்த வகுப்பில் ஒருவன்கூட அவனோடு பேசவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விடுவான். பத்தாவது முடியும்வரை அப்படித்தான் சாப்பிட்டான். பதில் வாங்கிய நான் அவனை அங்கே பாதுகாக்கவில்லை. உங்கள் பையனுக்கு அந்த இடம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

கொருக்குப்பேட்டை கேரம்

டீச்சர், ஐயா, இரண்டு பேருக்கும் வணக்கம். நான் உளவியல் படித்தவன் இல்லை. லேத் பட்டறையில் வேலை, வயது 34. ஐயா கோலி ஆடிய பையன்களைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எங்கள் தெருவே கண்முன் வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கோலி இல்லை, கேரம். ரயில்வே லைன் ஓரம் தெருவிளக்குக்குக் கீழே இரண்டு டிரம் மேல் போர்டு. எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது விதி என்றால் பெரிய பசங்க சொல்வதுதான். ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் ஒரு காயைத் திருப்பி வைக்க வேண்டும். ரெட்டைப் போட்டால் அடுத்து ஃபாலோ விழ வேண்டும், விழாவிட்டால் ரெட் திரும்பி வந்துவிடும். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. மழை மேலிருந்து பெய்கிற மாதிரி அதுவும்.

பதிமூன்று வயதில் போர்டு எங்கள் கைக்கு வந்தது. அப்போது எங்கள் தெருவில் ஒரு சின்னப் பையன், வலது கை விரல் இரண்டு சரியாக மடங்காது. அவன் அடித்தால் ஸ்ட்ரைக்கர் காயோடு சேர்ந்து குழிக்குப் போய்விடும். ஒவ்வொரு ஆட்டத்திலும் காய் திருப்பி வைத்தே தோற்பான். ஒருநாள் போர்டைச் சுற்றி நின்று பேசினோம். அவனுக்கு மட்டும் ஸ்ட்ரைக்கர் விழுந்தால் காய் திருப்ப வேண்டாம் என்று முடிவு. ஒரு பையன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் என்று சண்டை போட்டான். அரை மணி நேரம் காயே ஆடாமல் பேசினோம். கடைசியில் அவனே, சரி, ஆனா ரெட்டுக்கு மட்டும் எல்லாருக்கும் அதே விதி என்றான். அதை வைத்துத்தான் இரண்டு வருஷம் ஆடினோம். இதையெல்லாம் ஒருத்தர் 1932-லேயே கவனித்து எழுதி வைத்திருக்கிறார் என்று இன்றைக்குத்தான் தெரியும்.

ஆனால் டீச்சர், உங்கள் பையனைப் பற்றி எல்லோரும் நல்லபடியாகப் பேசுகிறார்கள், அதனால் வேறொன்றையும் நான் சொல்லியே ஆக வேண்டும். காட்டிக்கொடுக்காமல் இருப்பது எப்போதும் நல்லதில்லை.

பதினேழு வயதில் நான் ரூட்டில் இருந்தவன். ரூட் என்றால் இங்கே தெரியும். காலையில் பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரே வழியில் போகிற பசங்க, பாட்டு, தாளம், கெத்து. வேறு ரூட் பசங்களோடு தகராறு. ஒருநாள் பிளாட்பாரத்தில் எங்கள் செட்டில் ஒருத்தன், எதிர் ரூட் பையன் ஒருவனைக் காதோடு சேர்த்து அறைந்தான். கையில் வளையம் போட்டிருந்தான். போலீஸ் வந்து கேட்டபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். பார்க்கலைன்னு சொன்னேன். உங்கள் பையன் மாதிரி பார்த்தேன், சொல்ல மாட்டேன் என்று சொல்லும் தைரியம்கூட எனக்கு இல்லை. சுற்றி எட்டுப் பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தனியாகக் கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். அடி வாங்கியவனைப் போன வருஷம் தண்டையார்பேட்டையில் ஒரு டீக்கடையில் பார்த்தேன். இடது பக்கம் பேசினால் கேட்காதாம், தலையைத் திருப்பித்தான் பேசுகிறான். நான் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். என்ன பேசுவது?

அதனால் ஐயா சொன்ன மாதிரி காரணத்தைக் கேளுங்கள். கேட்கும்போது தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். யாராவது அடிபடுகிற விஷயம் என்றால் என்ன செய்வாய் என்றும் கேளுங்கள். அவனுக்கு எல்லை எங்கே இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

மொட்டைமாடி டீச்சர், காசிமேடு

ஐயா, அந்தத் தண்ணீர்த் தொட்டி வரியைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூக்கம் இல்லை. நான் அவனை 21 பிள்ளைகள் முன்னால் நிறுத்தித்தான் கேட்டேன். எடுத்தவனும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருப்பான். கொருக்குப்பேட்டைத் தம்பி, உங்களுக்கும் நன்றி. இதை எழுத மனசு வேண்டும்.

ஒரு சந்தேகம். "நான் பாத்தேன்னு அவனுக்குத் தெரியும், இப்ப நான் சொன்னா எப்படி" என்கிறான். இதில் விதியும் இல்லை, உரிமையும் இல்லை. இருவருக்கு நடுவில் இருக்கும் ஏதோ ஒன்றைப் பற்றிப் பேசுகிறான். கோல்பர்க்கிடம் இதற்கு இடம் 3-ஆம் படி மட்டும்தானா?

எண்ணூர் ஆலோசகர்

இந்தக் கேள்விக்காகவே உள்ளே வந்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராகப் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன்.

இதே கேள்வியைத்தான் கரோல் கில்லிகன் கேட்டார். அவர் கோல்பர்க்கோடு ஹார்வர்டில் வேலை பார்த்தவர். 1982-இல் அவர் எழுதிய நூலில் ஏமி, ஜேக் என்று பதினொரு வயதுப் பிள்ளைகள் இருவர் வருகிறார்கள். ஹைன்ஸ் கதைக்கு ஜேக் பளிச்சென்று சொல்கிறான், உயிர் பணத்தை விடப் பெரியது, திருட வேண்டும் என்று. ஏமி இழுக்கிறாள். திருடவும் கூடாது, மனைவி சாகவும் கூடாது. திருடிவிட்டு அவன் ஜெயிலுக்குப் போனால், அவளுக்கு மறுபடி உடம்பு முடியாமல் போகும்போது யார் பார்ப்பார்கள்? கடைக்காரரோடு உட்கார்ந்து பேச வேறு வழி இருக்காதா? கோல்பர்க்கின் அளவுகோலில் ஜேக்குக்கு மேலே இடம், ஏமிக்குக் கீழே. ஏமி வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறாள் என்றார் கில்லிகன். யாருக்கு எது உரிமை என்று ஜேக் பார்க்கிறான். யாரும் அறுந்து போகாமல் இருக்க என்ன செய்வது என்று ஏமி பார்க்கிறாள். கில்லிகன் இதைப் பெண்களின் குரல் என்றார். பிறகு வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஆண் பெண் வித்தியாசம் அவர் சொன்ன அளவுக்கு இல்லை. உங்கள் பையனே சாட்சி. அவன் பேசுவது ஏமியின் பேச்சு.

நம் நாட்டுப் பக்கமும் ஒன்று இருக்கிறது. ஜோன் மில்லர், டேவிட் பெர்சாஃப் என்ற இருவர் 1992-இல் வெளியிட்ட ஆய்வு. மைசூரிலும் அமெரிக்காவின் நியூ ஹேவனிலும் சிறுவர்களையும் பெரியவர்களையும் கேட்டார்கள். நெருங்கிய நண்பனின் கல்யாணத்துக்கு மோதிரம் கொண்டுபோக வேண்டியவன் பணத்தைத் திருட்டுக் கொடுத்துவிட்டு ரயில் நிலையத்தில் நிற்கிறான். கடன் கேட்டும் கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் கழற்றி வைத்துவிட்டுப் போன கோட்டுப் பையில் டிக்கெட் தெரிகிறது. எடுக்கலாமா? அமெரிக்கர்களில் பெரும்பாலோர் கூடாது என்றார்கள். மைசூரில் பெரும்பாலோர், மோதிரம் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்றார்கள். அவர்களுக்கு நண்பனுக்குக் கொடுத்த சொல் தனி விருப்பம் இல்லை, அதுவே அறக் கடமை. சிகாகோவில் பிறந்த ஏணியில் இதற்குக் கீழ்ப்படிதான் கிடைக்கும். அது பிள்ளையின் குறையா, ஏணியின் குறையா என்பது இன்றும் முடியாத விவாதம். நான் பிள்ளையின் பக்கம்.

கொருக்குப்பேட்டைத் தம்பி எட்டுப் பேர் வாயைப் பார்த்தார்கள் என்று எழுதியதைப் படித்ததும் 2005-இல் கார்ட்னர், ஸ்டைன்பர்க் செய்த ஆய்வு நினைவு வந்தது. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடும்போது ஓரளவு நிதானம். கூட்டாளிகள் பக்கத்தில் நின்றதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு துணிகிறார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றமே இல்லை. ஊரே தன்னைப் பார்க்கிறது என்ற பதின்ம வயது நினைப்புக்கு டேவிட் எல்கைண்ட் 1967-இல் கற்பனைப் பார்வையாளர்கள் என்று பெயர் வைத்தார். தம்பி நின்ற பிளாட்பாரத்தில் அந்த எட்டுப் பேரும் கற்பனை இல்லை, நிஜமாகவே நின்றார்கள். பதினேழு வயதில் தனியாக நின்றிருந்தால் நீங்கள் வேறு ஆள், தம்பி. அதை மறந்துவிடாதீர்கள்.

டீச்சர், நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. உளவியலாளர் எரிக்சன் 12 முதல் 18 வரையுள்ள பருவத்தின் வேலை "நான் யார்" என்பதைத் தேடுவது என்றார். அவருக்கே அது ஏட்டில் படித்த விஷயம் இல்லை. பெற்ற தகப்பன் யார் என்று கடைசிவரை தெரியாது. யூதப் பிள்ளைகள் நடுவே அவர் யூதர் அல்லாத பையன், பள்ளிக்கூடத்தில் யூதப் பையன். வளர்ந்து அமெரிக்கக் குடிமகனாகும்போது எரிக்சன் என்ற பெயரைத் தனக்குத் தானே வைத்துக்கொண்டவர். இந்த வயதில் ஒரு பிள்ளை எடுக்கிற நிலைப்பாடு அந்த ஒரு விஷயத்தோடு நிற்பதில்லை. "நான் நம்பினவனை விட மாட்டேன்" என்று அவன் தன்னைத் தானே செதுக்கிக்கொள்கிறான். நீங்கள் அவனை வகுப்பிலிருந்து அனுப்பியபோது அவன் காதில் விழுந்தது, நீ அப்படிப்பட்டவனாக இருந்தால் உனக்கு இங்கே படிப்பு இல்லை என்பது. உங்களுக்கு நியாயமான கோபம்தான். இருந்தாலும் அவனிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும். பெரியவர்கள் பிள்ளைகளிடம் கேட்கலாம்.

மொட்டைமாடி டீச்சர், காசிமேடு

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். தடைக்காலம் முடிந்து படகுகள் போய்விட்டன, வகுப்பு பழையபடி நிறைந்துவிட்டது.

பையனிடம் தனியாகப் பேசினேன். எல்லோரும் போன பிறகு, மாடிக் கைப்பிடிச் சுவர்ப் பக்கம். முதலில், உன்னை அனுப்பினது என் தப்பு என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சுவரில் பெயர்ந்த காரையை நகத்தால் கிள்ளிக்கொண்டே நின்றான். "பரவால்ல மிஸ்" என்றான். அப்புறம் ஐயா எழுதித் தந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

எடுத்தவன் ஃப்ரெண்டே இல்லைன்னா? கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்பவும் உடனே சொல்ல மாட்டேன் மிஸ். முதல்ல அவன்கிட்ட போய்க் கேப்பேன்."

பெரிய ஆள் எடுத்திருந்தா? "அப்ப சொல்லிடுவேன். பெரியவங்களுக்குக் கேக்க ஆளு இருக்கும், வக்காலத்துக்கு வருவாங்க. சின்னப் பையன்னா ஒரு தடவ திருடன்னு பேரு வந்தா தெருவுலயே நிக்க முடியாது."

யாராவது அடிபட்டிருந்தா? இதற்கு யோசிக்கவே இல்லை. "அது வேற மிஸ். ரத்தம்னா சொல்லிடணும்."

என் பணம்னால சொல்லலையா, இதே உன்ன மாதிரி ஒரு பையன் பணம்னா? இதற்கு மட்டும் நெடுநேரம் பதில் வரவில்லை. கீழே தெருவில் ஐஸ் வண்டி ஒன்று போய் முடிந்தது. பிறகு சொன்னான், "அது உங்க பணம் இல்லையே மிஸ். அஞ்சு பேரு வீட்டுப் பணம்தான. அதத்தான் நான் அவன்கிட்ட சொல்லிக்கினு இருக்கேன்."

அதாவது இத்தனை நாளும் அவன் சும்மா இருக்கவில்லை. எனக்குத் தெரியாமல் அவர்கள் இருவருக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்திருக்கிறது. எதற்காக எடுத்தான் என்று கேட்டேன். தங்கச்சிக்குப் பள்ளிக்கூடச் செலவு என்று மட்டும் சொன்னான், அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ரெக்கார்டு நோட்டில் அந்தக் கட்டத்துக்கு மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, "3-க்கும் 4-க்கும் இடையில்" என்று எழுதினேன். கீழே அவன் சொன்ன நான்கு பதிலையும் அவன் சொன்ன மொழியிலேயே எழுதினேன். கில்லிகனையும் மைசூர் ஆய்வையும் பற்றி ஒரு பக்கம் சேர்த்தேன். திருத்துகிறவர் என்ன சொல்வாரோ தெரியாது, எனக்கு இப்போது அந்தப் பக்கத்தை அழிக்கத் தோன்றவில்லை.

இதை எழுத வந்த காரணம் இன்னொன்று. நாங்கள் பேசிய அடுத்த திங்கட்கிழமை டின்னில் ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. நான்காக மடித்து, ஈரமாக, மீன் வாடையோடு. பையன் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சித்தப்பாவோடு ஏலத்துக்குப் போய்க் கூடை எடுத்துக் கொடுக்கிறவன். சிலேட்டில் பெயர் இல்லை, ஒரு மூலையில் சின்னதாக ஒரு கோடு. இடக்கைக்காரர்கள் போடுகிற மாதிரி பின்னால் சாய்ந்த கோடு. அடுத்த திங்களும் ஒன்று.

நேற்று நான்காவது திங்கள். டின்னில் மொத்தம் 200 ரூபாய் சேர்ந்திருக்கிறது, சிலேட்டில் நான்கு கோடு. முதல் இரண்டும் பின்னால் சாய்ந்திருக்கின்றன. மற்ற இரண்டும் முன்னால் சாய்ந்திருக்கின்றன, சாக்பீஸை அழுத்திப் போட்டவை. இன்று காலை மாடி கழுவும்போது சிலேட்டை மட்டும் தண்ணீர் படாமல் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, காய்ந்த பிறகு அதே ஆணியில் மாட்டினேன்.